பன்னிரண்டாம் நிரை

கோர்ட்டில் காத்தாயி சொன்னது மூன்றே சொல்:
"அவரு கை நீட்டுவாரு."
மொழிபெயர்த்தவர் அதை அப்படியே தூக்கி
இங்கிலீஷில் வைத்தார்.
துரை கேட்டாராம்,
கொடுக்கவா, வாங்கவா?

இது நடந்ததா தெரியாது.
நீ சூன் லயங்களில் சொல்லிச் சிரிப்பார்கள்.
சிரித்து ஓய்ந்ததும்
அடுத்த பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள்.

தெரிந்தது இவ்வளவுதான்.
ஐம்பத்து மூன்று, தீபாவளிக்கு மறுநாள்
பெரட்டுக்கு நேரத்தோடு வந்தாள், பேர் கொடுத்தாள்.
பன்னிரண்டாம் நிரையில் ஒரு மரம் விடாமல்
வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு
கிராணியிடம் சொன்னாள்:
"எம் புருசன் பேர அடிச்சிருங்க."

அம்மன் இறங்கிவிட்டாள் என்றார் பூசாரி.
கள்ளுக்கடையில் அவள் நடத்தையைப் பற்றி ஒரு கதை,
வருடத்துக்கு ஒரு சாட்சி கூடிக்கொண்டே போனது.

அடுத்த வீடு என் அம்மா.
நடுவே ஒற்றைப் பலகை.
ஆணி உதிர்ந்த ஓட்டை வழியே
அங்கே எரிகிற விளக்கு
இங்கே பாயில் ஒரு காசளவு விழும்.
அவளையும் கூண்டில் ஏற்றினார்கள்.
அந்த ராத்திரி என்ன கேட்டது?
"ஒண்ணும் கேக்கலைங்க."
அதற்கு முந்திய ராத்திரிகளில்?
"ஒண்ணும் கேக்கலைங்க."
முதல் பதில் காத்தாயிக்காக.
இரண்டாவது வாய்ப் பழக்கம்.

ஒன்பது வருடம் போட்டார்கள்.
வெளியே வந்தவளைச் செம்பவாங் சந்தையில் பார்த்தாளாம் அம்மா.
என்ன பேசினாய் என்றால்
அன்றைய மீன் விலையைச் சொல்வாள்.

லயத்தில் புருஷன் குரல் ஏறினால்
பெண்கள் கஞ்சி ஊற்றியபடியே சொல்வார்கள்:
"நாளைக்கு எனக்குப் பன்னண்டாம் நிரை."
குரல் இறங்கிவிடும்.
எல்லா வீட்டிலும் இல்லை.

மரங்கள் போய் யீஷூன் வந்தது.
அந்தச் சொல்லும் லிப்டில் ஏறி வந்துவிட்டது.
பக்கத்து வீட்டு ஷர்மிளா
போனில் யாரிடமோ சொல்கிறாள்,
"ரொம்பப் போனா பன்னண்டாம் நிரைதான்."
பால்மரத்தை அவள் பார்த்ததில்லை.
ஏதோ பஸ் நிறுத்தம் என்று நினைத்திருக்கலாம்.

நேற்று ராத்திரி இரண்டரை மணி.
இது கான்கிரீட் சுவர், ஓட்டை கிடையாது.
அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது.
அலமாரியாக இருக்கலாம்.
மறுபடி விழுந்தது.
விளக்கைப் போட்டு
செருப்பைத் தேடினேன், ஒன்றுதான் அகப்பட்டது.
ஒற்றைச் செருப்போடு கதவைத் திறந்தேன்.
யாராவது கேட்டால்
கேட்டது என்பேன்.