கல்லுப்பு இரண்டு கிலோ

டவுன்ஹால் ரோடு ஜெய்லானி
இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தார்,
பச்சைப்பிள்ளையை மடி மாற்றுவதுபோல.
"பத்து நாள் வச்சுக் கேளுங்க டாக்டர்.
பிடிக்கலைன்னா அட்டைப்பெட்டி கிழியாமக் குடுத்துருங்க."
மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
விலையை மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஐந்து கிலோ அலுமினியம்,
முகப்பில் ஒற்றைக் குமிழ், கடுகளவு வெள்ளை விளக்கு.
உள்ளே தட்டு இல்லை, நாடா இல்லை, சுழல்வது எதுவும் இல்லை.
எங்கிருந்தோ வரும் எண்களை வாங்கி
ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான்.
"தபால்காரர் வேலை" என்றார் குபேந்திரன்.
"தபால்காரருக்கு எதுக்கு மூணு லட்சம்?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை.
பகலெல்லாம் நான் மயக்கம் கொடுக்கிறவள்.
மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பி நிற்கும்போது
மானிட்டரின் துடிப்பு ஒரு நூல் சுருதி இறங்கினால்
தொண்ணூற்றெட்டு தொண்ணூற்றைந்தாகிவிட்டதென்று
முதுகுக்குத் தெரியும்.
இந்தக் காதை நம்பித்தான்
ஆட்கள் கண்ணை மூடுகிறார்கள்.

முதல் இரவு. திருநகர், பதினொன்றரை.
ஒரு நாகஸ்வரப் பதிவு, தோடி.
ஆலாபனைக்கு முன்னால்
சீவாளியை ஈரப்படுத்தும் உதட்டின் சத்தம்.
பழைய பெட்டியிலும் இருந்திருக்கும்,
நான்தான் அப்போது வேறெதையோ நினைத்திருப்பேன்.
தவிலின் வலந்தலையில் விரற்கூடு விழும்போது
கூட்டுக்கும் தோலுக்கும் நடுவே
ஒரு மயிரிழை இடம் இருக்கிறது.
அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறம் அந்த உறுமல்.
ஸ்பீக்கரின் அடிவயிற்றில்,
எந்தச் சுருதிக்கும் சேராத ஒரு சுருதிப்பெட்டி.

குபேந்திரன் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர்.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார்,
டார்ச், ஒரு வாளித் தண்ணீர்.
"உப்பு எங்க இருக்கு?"
கொல்லையில் எர்த் குழி
சித்திரை வெயிலில் வாய் பிளந்து கிடந்தது.
கல்லுப்பு இரண்டு கிலோ. அதன்மேல் தண்ணீர்.
மண் குடிக்கிற சத்தத்தை
இரண்டு பேரும் நின்று கேட்டோம்.
திருப்பரங்குன்றத்துப் பக்கம் ஒரு ரயில் போனது.
உள்ளே வந்தால் உறுமல் இல்லை.
"நாப்பது ரூவா" என்றார்.
படுத்ததும் தூங்கிவிட்டார்.

ஆறாம் நாள் பரீட்சை.
என் கண்ணில் துண்டு.
பழைய பெட்டி, புதுப் பெட்டி,
ஒயரை மாற்றி மாற்றிச் செருக வேண்டியது அவர் பொறுப்பு.
பன்னிரண்டு முறை, அதே முக்கால் நிமிடத் தோடி.
"பழசு."
"புதுசு."
"புதுசு. சத்தியமா."
மீட்டர் அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.
பன்னிரண்டுக்கு எட்டு.
எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, காப்பி போட்டுக் கொடுத்தேன்.
காப்பி குடிக்கும்போது அட்டையைப் பார்த்தேன்.
ஐந்தாவதிலிருந்து எல்லாமே பழைய பெட்டி.
குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய்.
ஒரே பெட்டிக்குள் இரண்டு பெட்டியைக் கேட்ட காதோடு
புரண்டு புரண்டு படுத்திருந்தேன்.
காலை ஏழரைக்கு ஒரு பித்தப்பை,
செல்லூர்க்காரர், ஐம்பத்திரண்டு வயது.
அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகம்
திரையைத் திரும்பிப் பார்த்தேன்.
தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றெட்டு.
காதும் அதைத்தான் சொன்னது.
ஆனாலும் பார்த்தேன்.

பத்தாம் நாள் ஜெய்லானி கூப்பிட்டார்.
"எப்படி டாக்டர்? வித்தியாசம் தெரியுதா?"
கொல்லையில் குபேந்திரன்
எர்த் குழிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்.
இப்போதெல்லாம் தினமும், முருங்கைக்கு விடுவதுபோல.
கூடத்தில் வலந்தலை.
கூடு விழுகிறது, தோல் இன்னும் பேசவில்லை.

"இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே" என்கிறேன்.
அவருக்குக் கேட்கவில்லை.
பாட்டைக் குறைக்க மனமில்லாமல்
இன்னொரு தடவை
கத்திச் சொல்கிறேன்.