மூன்றாவது அடி

தம்பெரே. ஜனவரி. இரவு பதினொன்றேகால்.
டிராம் பணிமனையில் சக்கரங்களில் இறுகிய பனியை
வெந்நீர்க் குழாயால் உருக்கிக்கொண்டிருந்தோம்
இர்மெலியும் நானும்.

அவளிடம் 'குளிர்ந்த அடுப்பு' பற்றிப் பேசக் கூடாது.
பதினேழு வருடம் அவர்களைக் கேட்டவள்,
கச்சேரி டிக்கெட்டுகளை பிஸ்கட் டப்பாவில் சேர்த்தவள்,
இலையுதிர்காலத்தில் புது ஆல்பம் வந்ததும்
டப்பாவையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.
"கிட்டார் இல்லை. டிரம்ஸ் இல்லை.
பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை."
நாலு நிமிடம் கேட்டாளாம். அதுவும் முழுதாக இல்லை.

நான் வாதாடவில்லை.
எனக்கும் அவர்கள் உறுமியபோதுதான் பிடித்தது.
பிடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது,
காது அடைத்துப்போகும்.
அந்த வருடங்களில் எனக்கு அது தேவைப்பட்டது.

ரேடியோவில் எதையோ போட்டார்கள். பேர் சொல்லவில்லை.
கண்ணாடித் தம்ளரை ஸ்பூனால் தட்டுவது போல ஒன்று,
அடியில் இயந்திரத் தாளம்,
மேலே மூச்சளவுக்கு ஒரு குரல்.
நான் ஆறாம் எண் வண்டிக்கு நகர்ந்தேன்.

இர்மெலி குழாயை மூடினாள்.
"இரு."

ஒன்று. இரண்டு.
மூன்று வரவேண்டிய இடத்தில் வரவில்லை.
மயிரிழை கழித்து வந்து விழுந்தது,
படி முடிந்தது தெரியாமல்
இல்லாத படியில் கால் வைத்தவன் போல.
மறுபடி. மறுபடி.
ஒவ்வொரு முறையும் அதே மயிரிழை.

"ஓஸ்மோ" என்றாள்.

டிரம்ஸ் அடித்த ஓஸ்மோ.
மர ஆலையில் மணிக்கட்டு முறிந்து
கோணலாய்க் கூடிய இடது கை.
எழுதுகிறவர்கள் அதைப் பாணி என்றார்கள்.
அவன் ஒருமுறை மேடையில் சொன்னான்,
குளிரில் வலிக்கிறது, அவ்வளவுதான்.
இப்போது அந்தக் கை எதையும் அடிப்பதில்லை.
இது இயந்திரம். பிசகத் தெரியாதது.
யாரோ பக்கத்தில் உட்கார்ந்து
அதற்கு நொண்டப் பழக்கியிருக்கிறார்கள்.
எத்தனை இரவு ஆகியிருக்கும்?

பாட்டு முடிந்து அறிவிப்பாளர் வாய் திறப்பதற்குள்
இர்மெலி ரேடியோவை அணைத்தாள்.
"இன்னும் பிடிக்கவில்லை."

ஒன்பதாம் எண் வண்டிவரை பேச்சில்லை.
அப்புறம் சக்கரத்தைப் பார்த்தபடியே கேட்டாள்:
"அந்த டப்பாவை யாரிடம் கொடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"கிடங்கு தைஸ்தோவிடம்."

"அவனா. ஆணி போட்டு வைத்திருப்பான்."

குழாயைத் திறந்தாள்.
தண்ணீர் சூடாகக் கொஞ்ச நேரம் பிடித்தது.