மூன்று விசில்

பென் டிரைவில் பாடம் வந்துவிட்டது.
ஒளிச்சேர்க்கை, பதினோரு நிமிடம்.
இலை திறக்கிறது, வெயில் நுழைகிறது,
குரல் மட்டும் மலையாளம்.
என் வகுப்போ தமிழ்ப் பிரிவு.

கொழிஞ்சாம்பாறையில் மழை எட்டிப் பார்க்காத ஜூன்.
ராத்திரி சமையலறைக் கதவைச் சாத்தி
மிக்ஸி மேல் போனைச் சாய்த்து
அந்தக் குரலை அணைத்து
என் குரலை ஏற்றினேன்.
‘பச்சையம்’ என்று முடிப்பதற்குள்
இலை மூடிக்கொண்டது.
மறுபடி.
வேலந்தாவளம் போகும் லாரியின் ஹாரன்.
மறுபடி.
டவர் மாறி, தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்று
ஒரு குறுஞ்செய்தி.
நான் எங்கேயும் போகவில்லை.

காலையில் ஜன்னலுக்குச் சாக்குப் படுதா,
சுண்ணாம்புச் சுவரில் பச்சை வெளிச்சம்.
ஏழாவது நிமிடம் வரை நன்றாகத்தான் ஓடியது.
அங்கே
என் வீட்டுக் குக்கர் கூவியது.

வகுப்பே சிரித்தது.
நிஷாந்தினி எழுந்தாள்:
“எத்தனை விசிலுங்க டீச்சர்?”
கொண்டைக்கடலைக்கு மூன்று, என்றேன்.

பரீட்சைத் தாளில் நாலு பேர் எழுதியிருந்தார்கள்:
இலை தன் சோற்றைத் தானே சமைக்கும்.
அடுப்பு வெயில். தண்ணீர் வேரிலிருந்து.
மூன்று விசில்.

விடைக்குறிப்பும் மலையாளத்தில்தான் வந்திருந்தது.
எழுத்துக்கூட்டித் தேடினேன்,
விசில் இல்லை.

முழு மார்க் போட்டேன்.