பதினான்கு ஞாயிறு

கோட்டுக்கு மேலே பதினோராயிரத்து நானூறு ராண்ட்.
அவ்வளவுதான் எங்கள் செல்வம்.

கைப்பேசியில் ஒரே வரி வந்தது:
குடும்ப வருமானம் வரம்பை மீறியுள்ளது.
தெரூஷா இரண்டு முறை வாசித்தாள்.
பிறகு என்னிடம் நீட்டினாள்,
தப்பாய்த் திருத்திய விடைத்தாளை
டீச்சரிடம் திருப்பிக் கொடுப்பதுபோல.

நான் சம்பளக் கணக்கு எழுதுகிறவள்.
ஜேக்கப்ஸில் செருப்புக் கம்பெனி, நூற்றுப் பன்னிரண்டு பேர்.
யாருக்கு எதில் பிடித்தம்,
இருபதாம் தேதிக்கே முன்பணம் கேட்டு
யார் கதவோரம் வந்து நிற்பார்,
எல்லாம் தெரியும்.
என் வீட்டுக் கூட்டல்தான்
வெளியாள் சொல்லித் தெரியவேண்டியிருந்தது.

அன்றிரவு சாட்ஸ்வொர்த் முழுக்க மின்வெட்டு.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
பூபாலனின் சம்பளச் சீட்டுகளைப் பரப்பினேன்.
கார்த் தொழிற்சாலை, பெயிண்ட் பிரிவு.
வார நாளோடு நிறுத்தியிருந்தால்
கோட்டுக்குக் கீழே பத்திரமாய் இருந்திருப்போம்.
ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளம்,
அதுதான் எங்களைத் தூக்கி மேலே வைத்தது.
மீறியதை ஞாயிறுகளாக வகுத்தேன்:
பதினான்கு.

எதற்குப் போனார் ஞாயிற்றுக்கிழமை?
அவளுடைய கணக்கு டியூஷனுக்கு.
டியூஷனால் தொண்ணூற்றொன்று.
தொண்ணூற்றொன்றால் மருந்தியலில் இடம்.
அந்த இடத்துக்கு எழுபத்தெட்டாயிரம்,
விடுதி வேண்டாம், பஸ்ஸில் போய்வருகிறேன்
என்று அவள் சொன்ன பிறகும்.

வங்கியில் டை கட்டிய பையன்
எங்கள் தாள்களைத் தட்டி அடுக்கினான்.
"உங்கள் வருமானம் கடனுக்குப் போதாது, ஆன்ட்டி."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவன் பயந்து தண்ணீர் கொடுத்தான்.

நொம்வுலாவின் மகனுக்குக் கிடைத்துவிட்டது.
ஆபீஸுக்கு ஸ்கோன் சுட்டுக்கொண்டு வந்தாள்.
நான் இரண்டு தின்றேன், கட்டிக்கொண்டேன்,
சந்தோஷம் நிஜம்.
அவளிடம் போனது என்னிடமிருந்து பிடுங்கியதல்ல
என்பதும் தெரியும்.
தெரிந்தும் அந்த மாதம்
அவள் சீட்டின் மேல் என் கண்
ஒரு நொடி கூடுதலாக நின்றது.
அந்த நொடியை யாரிடமும் சொல்லவில்லை.

"காகிதத்தில் மட்டும் பிரிந்துவிடலாமா?"
என்றார் பூபாலன், பருப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி.
"நீ மட்டும் என்றால் நீ ஏழைதானே."
சிரித்தோம்.
சிரித்து முடித்தபோது
இருவரும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தோம்.
தெரூஷா எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள்,
சுத்தமான தட்டை, வெகுநேரம்.

வெள்ளிக்கிழமை, எல்லோரும் போனபின்,
திரையில் என் சொந்தச் சீட்டு.
ஒரு இலக்கம் போதும்,
ஒன்பதை எட்டாக்க ஒரு விரல்.
மாற்றினேன்.
எட்டு நன்றாகத்தான் இருந்தது,
உட்கார்ந்து பழகிய எண்போல.
காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கினான்.
திரும்ப ஒன்பதாக்கிவிட்டு
விளக்கை அணைத்தேன்.
நேர்மை என்று சொல்லமாட்டேன்,
அவருடைய சீட்டை எழுதுகிறவள் வேறொருத்தி.

கடைசியில் என் ஈமக் காப்பீட்டை உடைத்தோம்,
பதினொரு வருடம் கட்டியது.
பதிவுக்கட்டணம் போக
புத்தகத்துக்குக் கொஞ்சம் மிஞ்சியது.
"இனி நீ சாகக்கூடாது" என்றார்.
"மூன்றாம் வருடம் வரைக்குமா?" என்றேன்.
பதில் வரவில்லை.
நான்காம் வருடத்தைப் பற்றி
எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அடுத்த விண்ணப்பத்துக்கு
குறைவாகச் சம்பாதிக்கவேண்டும்.
குறைவாகச் சம்பாதித்தால்
இந்த வருடப் பாக்கி அப்படியே நிற்கும்.
இரண்டையும் எழுதிப் பார்த்தேன்,
தாளின் இரு பக்கமும் நிரம்பியது.

இன்று ஞாயிற்றுக்கிழமை.
அவர் வேலைக்குப் போகவில்லை.
காலை ஐந்துக்கே எழுந்து
குளித்து, காலணி மாட்டி, கழற்றி,
இப்போது வெளியே
துருவேறாத கேட்டுக்குப்
பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்.
எண்ணூற்றுப் பதினைந்து ராண்ட்
என்று மனசு தானாகவே குறித்துக்கொள்கிறது.
உள்ளே கட்டிலில் தெரூஷா,
மடியில் கடன் வாங்கிய வேதியியல் புத்தகம்,
பென்சிலால் கூட
கோடு போடாமல் படிக்கிறாள்.