ஆடிய கால்

ஃப்ரே பென்டோஸ். ஜூலை. மூன்று டிகிரி.
ஆற்றுக்கு அக்கரையில் அர்ஜென்டினா
பனிமூட்டத்துக்குள் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை.
மூடிக் கிடக்கும் இறைச்சி ஆலையின் புகைபோக்கி மட்டும்
எனக்கு முன்பே வேலை போனதுபோல் நிற்கிறது.

நான் நிற்கும் இடத்தைச் சுற்றி
சுண்ணாம்புக் கோடு.
குறுக்கே எட்டு எட்டு வைத்தால் முடிந்துவிடும்.
பதினேழு வருஷம்
மைதானம் முழுக்க ஓடித் திரிந்தவனுக்கு
ஒதுக்கிய அறை இது.
கூரை கிடையாது. வாடகை, வாரம் ஒரு வெற்றி.
ஒன்பது வாரம் பாக்கி.

அடுத்த அறையில் வால்டெமார்,
சால்தோ அணியோடு வந்திருக்கிறான்.
கழுத்தில் டை. அவனுக்கும் பாக்கி.
அந்தக் காலத்தில் அவன் இடது பக்கம், நான் வலது.
நான் பார்க்காமல் தட்டிய பந்துக்கெல்லாம்
அவன் அங்கே இருந்தான்.

இன்று தோற்பவன் வீட்டுக்குப் போகிறான்.
வானொலி நேற்றே சொல்லிவிட்டது.
ஆட்டத்துக்கு முன்
ஒரே குவளையில் மாத்தே குடித்தோம்.
அவன் முழங்கால், என் இடுப்பு,
எட்டு வருஷத்தில் எனக்கு ஆறாவது ஊர்,
அவனுக்கு ஐந்தாவது.
வானொலி பற்றி இருவரும் பேசவில்லை.

மொன்டெவிடியோவில் சான்றிதழ் வகுப்பில்
உனக்குத் தெரிந்ததை அம்புக்குறியாக வரை என்றார்கள்.
வெள்ளைப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றேன்.
எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.
காலுக்குத் தெரிந்திருந்தது.
அது என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது வாய்தான் ஆடுகிறது.
“திரும்பு!” “நேரம் இருக்கு!” “கோட்டை மூடு, சில்வெய்ரா!”
சில்வெய்ராவுக்கு இருபது வயது.
தவறான எண்ணுக்கு வந்த அழைப்பைப்போல
ஒருகணம் என்னைக் கேட்டுவிட்டு
வைத்துவிடுகிறான்.

அறுபத்தெட்டாவது நிமிஷம். இன்னும் கோல் இல்லை.
எவனோ பயந்து உதைத்த பந்து
மேகத்துக்குப் போய், யோசித்து,
என்னைப் பார்த்து இறங்குகிறது.
நேர்காணலுக்கென்று மிர்த்தா வாங்கித் தந்த தோல் ஷூ.
தவணை இன்னும் இரண்டு மிச்சம்.
ஆனால் ஆடிய கால், சும்மா இருக்குமா?
எழுந்தது. பந்து அதன்மேல்
பூனைபோல் படுத்தது.

கைதட்டல்.
மே மாதத்திலிருந்து என் ராஜினாமாவைக் கேட்கும்
அதே நானூறு பேர்.
அதோடு விட்டிருக்கலாம்.
தலை நிமிராமல், பார்க்காமல்,
இடப்பக்கம் தட்டினேன்.

வால்டெமார் அங்கே இருந்தான்.
தன் கோட்டை விட்டு இரண்டு எட்டு வெளியே,
டை தோளில் கிடக்க,
எப்போது நகர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது.

ஆட்டத்தைத் தாமதித்ததற்காக
இருவருக்கும் மஞ்சள் அட்டை.
நடுவர் சின்னப் பையன்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினான்.

எண்பத்தொன்பதில் சில்வெய்ரா அடித்தது
கம்பத்தில் பட்டு உள்ளே போயிற்று.
நான் குதிக்கவில்லை என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது.
குதித்தேன். கொஞ்சம்.
திரும்பியபோது
பக்கத்து அறையில் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு தோல்வி, மூன்றாவது ஐந்து கோலில்.
என் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.
பெட்டி கட்டும்போது சால்தோவிலிருந்து தொலைபேசி:
சம்பளம் குறைவு, வீடு உண்டு, நாளைக்கே வரமுடியுமா?
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசிப்பதற்கு ஒரே எண்தான் இருந்தது.

வால்டெமார் எடுத்தான்.
பின்னால் ஏதோ பேருந்து நிலையத்து அறிவிப்பு.
நான் வாயைத் திறப்பதற்குள்
அவன் பந்தைத் தட்டிவிட்டான்:

“போ. இரண்டாவது மாடி.
வெந்நீர் காலை ஏழுக்குள்.
அலமாரிக் கதவு மூடாது,
அட்டையை நாலாக மடித்துச் செருகு.”