பதினேழாம் கூண்டு

அஞ்செட்டி வளைவில் லாரி அடித்த மாட்டிலிருந்து
டாக்டர் ஷகிலா எடுத்து வந்தது
எங்கள் டீ ஃபிளாஸ்கில்தான் வந்தது.
வேறு ஃபிளாஸ்க் இல்லை.
ராத்திரி பதினொன்றரை. மத்திகிரியில் மார்கழிப் பனி
டியூப்லைட்டுக்கு முக்காடு போட்டிருந்தது.
மூடியைத் திறந்தால்
உப்புத் தண்ணீருக்குள் இரண்டு சூற்பைகள்,
உரித்த பலாக்கொட்டை மாதிரி.

மறுநாள் அதில் டீ வாங்க யாரும் போகவில்லை.
நான்தான் கழுவினேன்,
புளி போட்டு, மூன்று தரம்.

எலிகளுக்கு உமி மாற்றுவது என் வேலை.
தண்ணீர் வைப்பது. செத்தால் நோட்டில் எழுதுவது.
இந்த எலிகளுக்கு மயிர் கிடையாது.
வேற்றுச் சதை என்று எதையும்
விரட்டத் தெரியாத உடம்பு.
நான் ஒரு தும்மல் போட்டால் போய்விடும்.
அதனால் முகமூடி, கையுறை, செருப்புக்கும் உறை.
மாமியார் கேட்பாள்:
"எலிக்கா இத்தனை மடி?"

பதினேழாம் கூண்டில் இருந்ததன்
சொந்தச் சூற்பைகளை எடுத்துவிட்டு
முதுகுத் தோலுக்கடியில்
மாட்டினுடையதில் ஒரு சீவல் வைத்துத் தைத்தார்கள்.
சீரகச் சம்பாவில் பாதி இருக்கும்.

மாட்டுக்காரர் ருத்ரப்பா கையெழுத்துப் போட வந்தார்.
மாட்டின் பெயர் சாம்பி.
ஆலம்பாடி. பட்டியில் அந்த ஜாதியில் இன்னும் நாலு,
மூன்று கிழடு.
"எலி வயித்துலயா கன்னு வளரும்?"
கன்னு இல்லை, முட்டை மட்டும், என்றார் டாக்டர்.
அது பழுக்கிறவரைக்கும்.
அப்புறம் வேறொரு மாட்டுக்கு.
எல்லாம் நடந்தால்.
"அப்ப எலி?"
டாக்டர் பேனாவை மூடினார்.

நாலாம் வாரம் முதுகில் மிளகு.
ஆறாம் வாரம் துவரை.
டார்ச் அடித்தால் தோலுக்குள்
நீர் கோத்து நிற்பது தெரியும்.
எலிக்கு நாலு நாளைக்கொரு சுற்று,
மாட்டுக்கு இருபத்தொன்று.
எவள் கணக்கில் இது வளர்கிறது என்று கேட்டேன்.
"தெரியல மாதேவி," என்றார்.
படித்தவர் அப்படிச் சொன்னது பிடித்திருந்தது.

எனக்கு முப்பத்தொன்றில் எடுத்தார்கள்.
பெங்களூரில். கட்டி. இரண்டு பக்கமும்.
ஒரு சீவல் பத்திரப்படுத்தலாம் என்று
யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் கையெழுத்து அவருடையது,
அவர் அப்போது பில் கவுன்டரில் நின்றிருந்தார்.
ட்ரேயை மூடியிருந்த பச்சைத் துணி,
அதன் ஓரத்தில் ஒரு தையல் பிரிந்திருந்தது,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
டாக்டர் ஷகிலாவிடம் இதைச் சொன்னதில்லை.
பதினேழிடமும் சொன்னதில்லை.
எலியோடு பேசுகிறவள் இல்லை நான்.
டார்ச்சை மட்டும்
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்திருப்பேன்.

எட்டாம் வாரம், பிப்ரவரி.
தளி ரோட்டில் ரோஜா வண்டிகள்
குளிர்பெட்டியோடு விமானத்துக்கு ஓடின.
உள்ளே சின்னக் கத்திரி.
மூன்று முட்டை கிடைத்தன.
ஒன்று பக்குவமில்லை, ஒன்று உடைந்தது.
மிச்சம் ஒன்றை நைட்ரஜனில் இறக்கினார்கள்.
குழலின் மேல் பெயர் சாம்பி, தேதி, டாக்டரின் முதலெழுத்து.
எலிக்கு இடமில்லை அதில்.
கையகலம்கூட இல்லை அந்தச் சீட்டு.

நோட்டில் மூன்று கட்டம்:
கூண்டு எண், தேதி, காரணம்.
காரணத்தில் வழக்கமாக நோய் என்று எழுதுவேன்,
இல்லை சண்டை.
அன்றைக்கு சிப்காட் சங்கு ஊதி
ஷிஃப்ட் பஸ் போய்விட்டது,
பேனா அங்கேயே நின்றது.
கடைசியில் 'சீமந்தம்' என்று எழுதி, அடித்து,
'வேலை முடிந்தது' என்று எழுதினேன்.

எண் கூண்டுக்குத்தான், எலிக்கு இல்லை.
திங்கட்கிழமை வேறொன்று பதினேழாயிற்று.

ருத்ரப்பா போன் செய்தார்.
ஒன்று இருக்கிறது என்றேன்.
"ஒன்னுதானா," என்றார்.
பின்னால் மாட்டு மணி.
"ஒன்னாச்சும்."

ஃபிளாஸ்க் அலமாரி மேல் மூடி திறந்து கிடக்கிறது.
வாடை என்றோ போய்விட்டது.
மோந்து பார்க்கச் சொன்னால்
எல்லோரும் நம்புகிறேன் என்கிறார்கள்,
டீயை மட்டும்
பாலிதீன் பையில் வாங்கி வருகிறார்கள்.