டிசம்பர் அறிக்கையின் பின்பக்கம்

வால்பரைசோ சபையின் மிஷன் குழுவுக்கு
முன்பக்கத்தை ஸ்பானிஷில் நிரப்பிவிட்டேன்.
இந்தப் பக்கம் உங்களுக்குப் புரியாது.
பெரும்பாக்கத்திலிருந்து மரிசோல்.
இங்கே எனக்கு மரியசெல்வி என்று பேர்,
நான் வைத்ததல்ல,
கூப்பிட்டவர்களின் நாக்கு வைத்தது.

சந்தித்த வீடுகள் எத்தனை என்ற கட்டத்தில்
பத்தொன்பது போட்டிருக்கிறேன்.
இருபதாவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது,
தெரியவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி ராத்திரி, தூறல்.
அறுபத்தேழாம் பிளாக்கில் தீபாவளிக்கு நின்ற லிஃப்ட்
இன்னும் நின்றபடிதான்.
படியேறினோம்: டிரம்மோடு கிதியோன்,
உண்டியலோடு போதகர் ஏசுரத்தினம்,
கழியில் நட்சத்திரம் கட்டிப் பிடித்த இரண்டு சிறுமிகள்,
தாத்தா வேஷத்தில் ஆட்டோக்காரர் ஓபேத்து.
மாடிக்கு மாடி
பஞ்சுத் தாடியைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

ஏழாவது மாடியில் தட்டும் முன்பே கதவு திறந்தது.
அம்சவேணி அக்கா எங்கள் பாட்டுக்காகத் திறக்கவில்லை.
"ஆம்பளைங்க எத்தினி பேர் இருக்கீங்க?" என்றார்.
உள்ளே பாயில் அவர் புருஷன்,
கால் வீங்கி, முகம் வீங்கி,
டயாலிசிஸ் ஒரு தவணை தப்பியிருந்தது.
நூற்றெட்டுக்கு அடித்து ஒரு மணி நேரமாம்.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம்.
ஓபேத்து தன் கறுப்பு பெல்ட்டை அவிழ்த்து
அவரை முதுகோடு சேர்த்துக் கட்டினார்.

இரண்டு வருஷம் உங்கள் பணத்தில் தமிழ் படித்தேன்.
கிருபை தெரியும். பாவநிவிர்த்தி தெரியும்.
நித்திய ஜீவனைப் பிழையில்லாமல் எழுதுவேன்.
சாய்க்காத, முட்டுக் குடு,
இன்னும் ஒரு படி,
இரு இரு கை வழுக்குது
இதெல்லாம் அன்றைக்குத்தான் கற்றேன்,
நாற்காலியின் ஒரு காலைப் பிடித்து
பின்புறமாக இறங்கியபடி.

நாலுபேர் சுமந்த திமிர்வாதக்காரனை நினைத்தானோ என்னவோ
கிதியோன் முனகினான்:
"அவங்க கூரையைப் பிரிச்சாங்க.
நமக்குப் படியாச்சும் இருக்கு."

நாலாவது மாடியில் இறக்கி வைத்தோம்.
அவர் கண் திறந்து ஓபேத்தைப் பார்த்தார்,
சிவப்புத் தொப்பியை, ஒரு காதில் தொங்கும் தாடியை.
"பாடத்தானே வந்தீங்க?
பாடாமயே போறீங்க?"

சிறுமிகள் ஆரம்பித்தார்கள்.
ராகம் எங்கோ போனது, எங்களில் யாருக்கும் மூச்சில்லை.
மூன்றாம் மாடிக் கதவுகள் திறந்தன.
ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து
என் கையிலிருந்த காலை வாங்கிக்கொண்டார்.
பேரைக் கேட்கவில்லை.
உங்கள் படிவத்தில் அவருக்குக் கட்டமும் இல்லை.

காணிக்கை ஆயிரத்து நூற்று நாற்பது.
ஆட்டோ கிளம்பும் முன் போதகர் உண்டியலைத் திறந்து
அக்காவின் முந்தானையில் கவிழ்த்தார்.
ஒரு ஐந்து ரூபாய் உருண்டு சாக்கடையில் விழுந்தது.
ரசீது கிடையாது.

பண்டிகையன்று விடியற்கால ஆராதனைக்கு முன்
அம்மா கூப்பிட்டாள்.
அங்கே இன்னும் இருபத்துநாலு, இன்னும் வெயில்,
பீச் பழம் நறுக்கும் கத்திச் சத்தம்.
சாப்பிட்டாயா என்றாள்.
இன்னும் இல்லம்மா என்றேன், தமிழில்.
கத்தி நின்றது.
பிறகு அவள் சிரித்தாள்.
கடைசிச் சொல் மட்டும் புரிந்திருக்கும்.

சிவப்பு நாற்காலி படிக்கட்டடியில் அப்படியே கிடந்தது.
ஆராதனை முடிந்து
தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறினேன்.
காலி நாற்காலி கனத்தது என்று எழுதினால்
பொய்யாகிவிடும்.
வீடு பூட்டியிருந்தது.
சாரல் படாத பக்கமாய் வைத்துவிட்டு வந்தேன்.

கடைசிக் கட்டம், ஆத்துமாக்கள்.
வெறுமனே விட்டால் திருப்பி அனுப்புவீர்கள்.
எழுதிக்கொள்ளுங்கள்:
கீழே இறக்கியது ஒருவர்.
அவர் மேலே ஏறி வருவதைப் பற்றி
ஜனவரி அறிக்கையில்.